புடவை விளம்பரத்தில் ஒரு முதுகு

"அந்தப் பொண்ணு முதுகை வச்சு நான் என்னடா பண்றது?"

ஸ்ரீரங்கத்திலிருந்து சத்திரம் பஸ் ஸ்டாண்டு போகும் பஸ்ஸில் முன் சீட்டு அம்மாள் இப்படிக் கேட்டதும் என் தூக்கம் போயிற்று. புத்தூரில் புடவைக் கடை வைத்திருப்பவர் என்று பேச்சிலேயே தெரிந்தது. பக்கத்தில் தம்பி, கையில் போன்.

"அவங்க பெரிய இன்ஃப்ளூயன்சர்க்கா. படம் தேடுற ஆப்ல நம்ம புடவையைக் கட்டிப் போட்ட படத்தை எத்தனை பேர் சேவ் பண்ணியிருக்காங்க, பாரு."

"என்னன்னு சேவ் பண்ணியிருக்காங்க? ப்ளவுஸ் பின்கழுத்து டிசைன்னு! புடவையைக் காட்டுடின்னா திரும்பி நின்னுட்டிருக்கா."

"அப்படி நின்னாதான் முந்தானை தெரியும்."

"முந்தானையா தெரியுது? ப்ளவுஸ் முடிச்சும் குஞ்சலமும்தான் தெரியுது. நம்ம கடைக்கு ஒருத்தி வரலை. எதிர்க்கடை டெய்லர்கிட்ட கூட்டம் நிக்குது. எல்லார் போன்லயும் இதே படம்!"

பஸ் காவிரிப் பாலத்தைத் தாண்டியது. அக்கா தம்பியின் போனை வாங்கி, படத்தை விரலால் பெரிதாக்கிப் பார்த்தார்.

"இதை எனக்கு அனுப்பு."

"எதுக்குக்கா?"

"சித்தி பொண்ணு கல்யாணத்துக்கு ப்ளவுஸ் தைக்கக் குடுக்கணும்."