அடுக்கின் மேலிருந்து எடுக்கக் கற்றுத்தந்த ருக்குமணி டீச்சருக்கு

“ஏனுங்க டீச்சர், கிளாஸ் மொத்தமும் ஒரே தப்பா? காப்பி அடிச்சுட்டாங்களா?”

“இல்லீங்க தனபால் சார். ஸ்டாக்குங்கற அடுக்குல கடைசியா வெச்சதத்தான் மொதல்ல எடுக்கோணும்னு சொன்னா, எல்லாரும் அடியில இருக்கறத எடுக்கறாங்க. கேட்டா, ‘மொதல்ல தோண்டுன குச்சிக்கெழங்க மொதல்ல ஜவ்வரிசி மில்லுக்கு அனுப்பலீன்னா கெட்டுப்போயிருமுங்க மிஸ்’னு எனக்கே பாடம் நடத்தறாங்க!”

“அப்ப நீங்க தோத்துட்டீங்க. ஒத்துக்குங்க.”

“உங்க கெமிஸ்ட்ரி பேப்பரத் திருத்திட்டு வந்து பேசுங்க சாமி!”

ஆசிரியர் அறையில் கேட்ட அந்தப் பேச்சை நினைத்துச் சிரித்தபடிதான் இம்மடலைத் தொடங்கினோம். சிரிப்பு நெடுநேரம் நிலைக்கவில்லை.

காளப்பநாயக்கன்பட்டியிலிருந்து வளைவு வளைவாய் நாள்தோறும் எங்கள் பள்ளிக்கு மலையேறி வந்த மாண்பே! கணினி அறைக்கு உயிர் தந்த எங்கள் அன்புச் சகோதரியே!

மறுநாளே நீங்கள் கிழங்கை விட்டு லாரிக்கு வந்தீர்கள். கடைசியாக ஏற்றிய மிளகு மூட்டைதானே முதலில் இறங்கும் என்றீர்கள், பிள்ளைகளுக்குப் புரிந்துவிட்டது. பைத்தான் நிரல்மொழியில் ஒரு வெற்றுப் பட்டியல். சேர்க்க அப்பெண்ட், எடுக்க பாப், இரண்டும் ஒரே முனையில். எடுக்கும் முன் அடுக்கு காலியா என்று கேட்க ஒரு வரி. அந்த வரியை விட்டவர்களின் நிரல் பிழை காட்டி நின்றது.

அந்த வரியை நாங்களும் விட்டுவிட்டோம், டீச்சர். உதவித்தொகைப் பதிவேற்றமா, தேர்தல் வேலையா, பழுதான பிரிண்டரா, எல்லாவற்றுக்கும் உங்களையே அழைத்தோம். உங்கள் கணவர் கதிர்வேல் அண்ணன் பக்கவாதத்தில் படுத்த பிறகும் அழைத்தோம். உங்களிடம் மிச்சம் ஏதும் இருக்கிறதா என்று ஒருவரும் கேட்டதில்லை. நீங்களும் மறுத்ததில்லை.

அண்ணனைக் கவனிக்க இன்று நீங்கள் பணியிலிருந்து விடைபெறுகிறீர்கள்; உங்கள் இடத்துக்கு ஆளில்லை. யாரும் வருவதாகத் தகவலும் இல்லை. ஜூனில் பன்னிரண்டாம் வகுப்புக்குப் போகும் கணினிப் பிரிவுப் பிள்ளைகள், ஆசிரியரின்றியே தேர்வுக்குப் படிக்க வேண்டும். நேற்று கணினி அறைச் சாவியை ஒப்படைத்த நீங்கள் அவர்கள் முகத்தைப் பார்க்காமலே பஸ் ஏறினீர்கள். ஏன் என்று எங்களுக்குத் தெரியும்.

அண்ணன் எழுந்து நடக்கட்டும்! நீங்கள் இனியேனும் நேரத்துக்கு உண்டு, நிம்மதியாய் உறங்கி, நோயின்றி நெடுங்காலம் வாழ்க!

ஆசிரியர்களும் அலுவலர்களும் ஒன்றாய்க் கையெழுத்திட்டு, பொங்கலிலிருந்து வாய்வரை வந்தும் விழுங்கிய கேள்வியை இந்த மேடையில் கேட்டுவிடுகிறோம்:

டீச்சர், சனிக்கிழமையானா அந்தப் பிள்ளைகள உங்க ஊட்டுக்குக் கூட்டிட்டு வரட்டுங்களா? நீங்க பாடம் நடத்தற நேரத்துக்கு, அண்ணன் பக்கத்துல நாங்க உக்காந்துக்கறமுங்க.