கூடாரத்துக்கு ஒரு பூட்டு

— பூட்டா? கூடாரத்துக்கு யாராவது பூட்டு எடுத்துட்டுப் போவாங்களா? அது வெறும் துணிடி.

— ஜிப்பு இருக்குல்ல. ரெண்டு ஜிப்பையும் சேர்த்து மாட்டிடலாம். சின்னப் பூட்டுதாங்க, கனமே இல்லை.

— திருட வர்றவன் பிளேடால கிழிச்சுட்டு வந்துட மாட்டானா?

— உள்ள வர்றவனைப் பத்தி நான் ஒண்ணும் சொல்லலையே.

— வெளிய எடு அதை. வேன் இப்ப வந்துரும். கம்பெனில முதல்முதலா எங்களைக் கூடாரத்துல தங்கக் கூட்டிட்டுப் போறாங்க, நீ என்னடான்னா வீட்டையே பைக்குள்ள அடைக்கறே. டார்ச் எங்க?

— வெச்சாச்சு. போர்வை, கொசுவத்தி, மாத்துத் துணி, எல்லாம் வெச்சாச்சு. கூடாரத்துல உங்ககூட யாரு?

— யாருமில்லை. சீனியர் மெக்கானிக்குக்குத் தனிக் கூடாரம். இத்தனை வருஷம் லிஃப்ட் குழிக்குள்ள கிடந்து வெந்ததுக்கு இந்த மரியாதைகூட இல்லேன்னா எப்படி?

— தனியா வேண்டாங்க. உங்ககூட வேலை பாக்கற அந்த வெல்டரைக் கூடப் படுக்கச் சொல்லுங்க.

— அவன் விடற குறட்டைக்கு ஏரித் தண்ணியே கரையேறி ஓடிரும்.

— ஏரியா? மலைன்னுதானே சொன்னீங்க?

— மலையடிவாரத்துல ஏரி. கரையிலதான் கூடாரமே. காலை நீட்டினா தண்ணி.

— அப்ப போகவே வேண்டாம்.

— ஆரம்பிச்சுட்டியா? காலையிலேர்ந்து பையைப் பிரிக்கறே, கட்டறே, மறுபடி பிரிக்கறே. இருப்புக்கொள்ளாம அலையறே. உனக்கு என்னதான் பயம்?

— தூக்கத்துல நடப்பீங்களே, அதான்.

— அட, அதுவா. அது கல்யாணமான புதுசுல. மருந்து சாப்பிட்டேன், நின்னுபோச்சு. செத்த பாம்பை எதுக்கு இப்ப அடிக்கறே? அதைச் சொல்லி அவனுங்க முன்னாடி என் மானத்தை வாங்கப் போறியா?

— எல்லாருக்கும் சொல்லலை. வெல்டருக்கு மட்டும். தட்டி எழுப்பக் கூடாது, கையைப் பிடிக்கக் கூடாது. 'மாடி வந்துருச்சு'ன்னு மெதுவா சொன்னாப் போதும்.

— என்ன மாடி?

— எந்திரிச்சு வாசக்கதவுகிட்டப் போவீங்க. லிஃப்ட் கதவு மாதிரி ஓரத்தைத் தடவிப் பாப்பீங்க. 'உள்ள இருக்கறவங்க பயப்படாதீங்க, இதோ திறந்துட்டேன்'னு தாழ்ப்பாளைத் தேடுவீங்க. மாடி வந்துருச்சுன்னு சொன்னா நம்பிடுவீங்க. நீங்களா திரும்பி வந்து படுத்துப்பீங்க.

— போவீங்க, தேடுவீங்கன்னா? நீ எப்ப நடந்ததைச் சொல்றே?

— நேத்து நடந்ததை. அதுக்கு முந்தின நாள் பால்கனிக் கதவு.

— நின்னுபோச்சுன்னு நீதானே சொன்னே. என் கையைப் பிடிச்சுட்டுச் சொன்னே.

— சொன்னேன். அப்ப நீங்க இருந்த இருப்பு அப்படி. தூக்கத்துல நடக்கறவன் எந்த நம்பிக்கையில குழிக்குள்ள இறங்கறதுன்னு வேலைக்கே போகாம சுருண்டு கிடந்தீங்க. நின்னுபோச்சுன்னு சொன்ன மறுநாளே டூல்ஸ் பையைத் தூக்கிட்டு, விசிலடிச்சுட்டுக் கிளம்பினீங்க. அதுக்கப்புறம் எந்த வாயால மாத்திச் சொல்றது? ஹார்ன் அடிக்கறாங்க பாருங்க. வாங்க, வெல்டர்கிட்ட நானே பதமாச் சொல்லிடறேன்.

— அடிக்கட்டும், இரு. ராத்திரி எத்தனை மணிக்கு எந்திரிப்பேன்?

— அதுக்கு ஏது நேரங்காலம். எப்ப வேணாலும்.

— அப்ப இத்தனை வருஷமா நீ எப்பத்தான் தூங்கினே?