கும்மியில் விட்டுப்போன அடி

வெள்ளையம்மா: …நேத்து கும்மியில சிங்காரப்பேட்டையே ஒன் பின்னால சுத்துச்சாமே.

ராஜாத்தி: நீ வந்திருந்தா தெரிஞ்சிருக்கும்க்கா. ஏன் வரல?

வெள்ளையம்மா: சொதந்தரம் வந்தப்ப இருந்து எட்டு வருசமா முன்பாட்டு பாடுறவ நானு. ஒன் பின்னால நின்னு கை தட்டவா?

ராஜாத்தி: அது நர்சம்மா குடுத்த பாட்டுக்கா. பொம்பளைங்க உசுருக்காக…

வெள்ளையம்மா: தெரியும். “மூணு வெரலச் சேத்து வச்சி மாரச் சுத்தித் தடவிப் பாரு… கட்டி ஒண்ணு தட்டுப்பட்டா காலம் போக்கி நிக்காதே.”

ராஜாத்தி: வரலன்னியே…

வெள்ளையம்மா: வேலிக்குப் பின்னால நின்னேன். வயிறு எரிஞ்சிச்சி, ஆனா நின்னேன். போதுமா?

ராஜாத்தி: உள்ள வந்திருக்கலாமேக்கா.

வெள்ளையம்மா: அத்தன வேகமாவா பாடுவாங்க? நான் பாடியிருந்தா…

ராஜாத்தி: ஒழுங்கா இருந்திருக்கும். நான் ஒரு அடிய விட்டுட்டேன்க்கா.

வெள்ளையம்மா: மறந்துட்டியா?

ராஜாத்தி: மறக்கல. அந்த அடிக்குக் கையத் தூக்கிக் காட்டணும். எதிர்ல அந்த எளவட்டப் பய எல்லப்பனும் அவன் கூட்டாளிங்களும் பாத்துட்டு நின்னானுங்க. ரவிக்க போடாதவ எப்படித் தூக்குவேன்?

வெள்ளையம்மா: நானா இருந்தா அவனுங்கள வெரட்டிட்டுத்தான் பாட்டையே எடுத்திருப்பேன். அந்த நர்சம்மாவுக்குக் கண்ணு அவிஞ்சிபோச்சா, போயும் போயும் ஒன்ன…

ராஜாத்தி: அவங்கள வையாத. மொதல்ல ஒன்னத்தான் கேட்டாங்க.

வெள்ளையம்மா: …என்னா?

ராஜாத்தி: ஒனக்குத் தொண்ட போயிடுச்சின்னு நான்தான் சொன்னேன். எப்பவும் நீயே முன்னால… ஒரு தடவையாவது நான்… பொறாமைக்கா. வேற என்னா சொல்ல.

வெள்ளையம்மா: அடிப்பாவி… எனக்கு வந்த பாட்டு அது.

ராஜாத்தி: ஆமாக்கா.

வெள்ளையம்மா: சரி, விட்ட அடியச் சொல்லு. எப்படிப் பாடணும்னு நான் காட்டுறேன்.

ராஜாத்தி: இப்பவா?

வெள்ளையம்மா: சொல்லுடி.

ராஜாத்தி: “கையத் தூக்கிக் கக்கம் பாரு… நெறி கட்டுனதுன்னு விட்டுடாதே…”

வெள்ளையம்மா: கக்கமா?

ராஜாத்தி: ஆமா, பாடுக்கா… ஏன் ஒக்காந்துட்ட?

வெள்ளையம்மா: நேத்து வீட்டுக்குப் போயி, நீ பாடுனபடியே தடவிப் பாத்தேன். மாருல ஒண்ணுமில்ல. கக்கத்துலதான் மாசி மாசத்துல இருந்து புளியங்கொட்டையாட்டம் ஒண்ணு… பாட்டுல அதச் சொல்லலியே, அப்ப வெறும் நெறிதான்னு, இன்னிக்குக் காலைல நிம்மதியா கூழு குடிச்சேன்டி.