மீன் மூளையின் முதல் காவலாளிகள்

— வாலையா வெட்டினீங்க? எல்பியோ சார், வெட்டின மீன் வால் திரும்ப முளைக்கும்னு இந்த மொந்தெவிதேயோவுக்கே பாடம் எடுத்தவர் நீங்க!

— கத்தாதே யமிலா, மத்த தொட்டி மீனுங்க மெரளும். அன்னைக்குத் தொட்டி பம்பு நின்னுபோச்சு. ஆயிரம் மீன் வாயைப் பிளந்துக்கிட்டு என்னையே பாக்குது...

— இருபது மீன்.

— எனக்கு ஆயிரமாத்தான் தெரிஞ்சுது. நிறம் ஏத்தினது, ஏத்தாதது எல்லாத்தையும் ஒரே தொட்டியில கொட்டினேன். அடையாளத்துக்கு நிறம் ஏத்தினதோட வால் நுனியை நறுக்கினேன். பாராட்டுவேன்னு பாத்தா...

— பாராட்டா! வெள்ளிக்கிழமை தேர்வுக்குழு முன்னாடி நிக்கணும். பட்டமே போயிடும். குஞ்சா இருக்கறப்ப, மஞ்சக்கருப் பக்கமிருந்து மூளைக்குப் போன காவல் செல்லெல்லாம் சிவப்பா ஜொலிச்சுது. வளந்த மீன் மூளையைப் பாத்தா ஒரே இருட்டு. செல்லு போயிடுச்சா, இல்ல நான் அறுத்ததே நிறம் ஏத்தாத மீனா? எதைன்னு சொல்றது?

— எத்தனை அறுத்தே?

— ஆத்திரத்துல தொட்டி மொத்தத்தையும்.

— ஒண்ணுல கூடவா சிவப்பு இல்லை?

— ஒண்ணுல கூட... இருங்க. சார், இருங்க.

— மாத்தே டீ ஆறுது, உறிஞ்சு.

— மாத்தே கிடக்கட்டும்! அதுல பாதி நிறம் ஏத்தின மீன்தானே? எல்லாமே இருட்டுன்னா, எது எதுன்னு தெரிய வேண்டியதே இல்லை!

— நிறம் மங்கியிருந்தா?

— மங்காது. மரபணுவுல ஏத்தினது, செல்லு பிரிஞ்சா குட்டிச் செல்லுக்கும் வரும். மாடித் தொட்டி மீனுக்கு முதுகுத் தமனிச் செல்லுல அதே நிறம் ஏத்தினோமே, அது வளந்தப்ப மூளை கார்னிவல் ராத்திரி மாதிரி மின்னுச்சு.

— அப்ப மொதல்ல குடிவந்தவன் காலி. தமனியிலிருந்து வந்தவன் வீட்டைப் பிடிச்சுட்டான்.

— அதேதான்! பிழைச்சேன் சார்! ஸ்டூலைத் தள்ளுங்க, இப்பவே எழுதிடறேன்... ஐயோ.

— இப்ப என்னடி?

— "கருவுல வந்த காவலாளி சாகிறவரைக்கும் காவல்"னு புத்தகம் போட்டது நீங்க. தேர்வுக்குழுத் தலைவரும் நீங்க.

— எலி மூளையைப் பாத்துட்டு மீனுக்கும் சேத்து எழுதினேன், தாயி. ஊர் ஊரா அதுக்கு வக்காலத்து வாங்கியே தொண்டை வத்திப்போச்சு. வெள்ளிக்கிழமை வந்து அதைக் கொன்னு போடு, நான் சனிக்கிழமையே கடற்கரையில தூண்டில் போட உக்காந்துடறேன்!