மாதாவின் பாதமும் மணியும்

பிரான்காச்சோ போகும் பஸ்ஸில் எனக்கு முன்னால் இரண்டு பெண்கள் இருந்தார்கள். கழுத்தில் சிலுவை போட்டவள் மற்றவளிடம் சொன்னாள்: “நான் மாதாவின்ரை காலைத் தொட்டன், மணி அடிச்சுது!”

பொட்டு வைத்த இளையவள் அவள் பக்கம் திரும்பிவிட்டாள். “எந்தக் கோயிலிலை அக்கா?”

“கோயில் இல்லையடி, சிலையள், படங்கள் வைச்சிருக்கிற முசேயோ. மாதத்திலை முதல் ஞாயிறு காசில்லாமல் உள்ளை விடுவினம். அங்கை பளிங்கிலை ஒரு மாதா. தொட்டுக் கும்பிடாமல் எப்பிடி வாறது? காலைத் தொட்டு விரலைக் கொஞ்சினன். கட்டிடம் முழுக்க மணி! மாதா புதுமை செய்திட்டா எண்டு நினைச்சு முழங்காலிலை இருந்திட்டன்.”

“பிறகு?”

“காவல்காரன் ஓடி வந்தான். அது அலாரமாம், தொடக்கூடாதாம். செபம் முடியட்டும் எண்டன். பாவம், நிண்டான்.”

இருவரும் சிரித்தார்கள்.

“தொட்டது ஞாயிறு, வெள்ளிக்கிழமையே என்ரை மனுசனுக்கு இஞ்சை வர விசா கிடைச்சிட்டுது!”

“ஐயோ அக்கா! இஞ்சை இருக்கிறதுக்கு என்ரை அனுமதி, அந்தப் பெர்மெசோ, இன்னும் வரேல்லை. என்னையும் கூட்டிக்கொண்டு போங்கோ.”

“இப்ப சுத்திவரக் கயிறு கட்டிப்போட்டாங்கள்.”

பஸ் ஒரேத்தோ வீதியில் திரும்பியது. நாலு மாடிச் சுவர் முழுவதும் யாரோ நீலத்தில் ஒரு மாதாவை வரைந்திருந்தார்கள். பாதம் நடைபாதை வரை இறங்கியிருந்தது. இளையவள் எழுந்தாள்.

“எங்கையடி போறாய்? எங்கடை தரிப்பு இன்னும் வரேல்லை.”

“இந்த மாதாவுக்குக் கயிறு இல்லை அக்கா.”

“சுவரைத் தொட்டா மணி அடிக்காதடி!”

“அதை நான் அடிக்கிறன்” என்று சொல்லி, பஸ்ஸை நிறுத்தச் சொல்லும் மணியை அழுத்தினாள்.