பெத்து எனக்குத் தா

— அழாத தனுஷாக்கா. நீ அழக்குள்ள எனக்கு எரிச்சல்தான் வருது.

— கூடப்பிறந்தவ பேசுற பேச்சா கா இது யசோ?

— ஓம், எரிச்சல்தான். அம்மாட பெரிய வீடு உனக்குச் சீதனமாப் போச்சு. எனக்கு வளவுக்குப் பின்பக்கத்துத் துண்டு. வாய் திறந்தனா? உனக்கு ரெண்டும் பொம்பிளப்புள்ளயள், எனக்கு ரெண்டும் பொடியனுகள். இப்ப டவுனில ஸ்கேன் பாத்து, மூணாவதும் பொம்பிளப்புள்ளயாம். அதுக்கும் நீ அழுறாய்!

— உனக்கென்ன கா. நீ புள்ளத்தாச்சியா இருக்கக்குள்ள உன்ட மாமி பெரியகல்லாத்தில இருந்து மீன் கொண்டந்து, தலையை உனக்கெண்டு எடுத்து வச்சவ. என்ட மாமி, "திரும்பவும் பொட்டையா?" எண்டு கேட்டுட்டு வாசலோட போன மனிசி. உன்னப் பாக்கக்குள்ள எனக்கு நெஞ்சு பத்தும்.

— மீன்தலை! என்ட பொடியனுகள் கலியாணம் முடிச்சா பொண்டாட்டிமார்ர வீட்டுக்குப் போயிருவானுகள். குடி பொம்பிள வழியாத்தானே போறது, மறுகா என்ட குடி என்னோட சரி. உன்ட மகள்மார் ஒருத்திக்கு ஒருத்தி தலை பின்னிக்கிட்டு இருக்கக்குள்ள நான் வேலிக்கு மேலால எட்டிப் பாக்கிறது உனக்குத் தெரியாது.

— தெரியும். கண் பட்டிரும் எண்டுதான் அவளுகள உள்ள கூப்பிடுறன்.

— அடி பாவி!

— கோவிக்காத யசோ. அவருக்கிட்ட பொம்பிளப்புள்ள எண்டு சொன்னன். அப்பவே வெளிய போனார். ஆருட்டயோ குளிசை வாங்கிக்கிட்டு வந்து நிக்கார். புள்ளயக் கலைக்கிற மருந்து.

— சுபாகரன் அத்தானா?

— அவர்தான். ஒவ்வொருத்திக்கும் ஒரு வீடு கட்டணும், தன்னால ஏலாதாம். கோப்பையில தண்ணியும் ஊத்தித் தந்தார். "குடிக்கிறன்" எண்டு சொல்லிட்டு, குளிசையோட இஞ்ச ஓடி வந்திட்டன்.

— குடிச்சிராத. பெத்து எனக்குத் தா அக்கா. நான் வளக்கிறன். என்ட வீட்ட அவளுக்கே எழுதுறன்.

— உனக்கு என்ட எல்லாத்திலயும் ஆசை.

— ஓம், ஆசைதான். சின்னனில உன்ட சட்டைக்கு அழுதன், இப்ப உன்ட புள்ளைக்கு அழுறன். தா.

— ஸ்ஸ்... அவர்ர மோட்டார் சைக்கிள் சத்தம்.

— தனுஷா! இஞ்சயா இருக்காய்? குளிசை குடிச்சிட்டியா?

— வெக்கமில்லயா அத்தான் உங்களுக்கு?

— நீ பேசாத யசோதினி. ரெண்டு ஆம்பிளப்புள்ள பெத்தவளுக்கு என்ன தெரியும்? எழும்பு தனுஷா. நாள் போனாக் கஷ்டமாம்.

— குடிக்கல்ல. இந்தாங்க, நீங்களே வச்சிக்கங்க.

— மறுகா? மூணாவதையும் பொட்டையாப் பெத்து என்ன செய்யப்போறாய்?

— ஸ்கேனில பொம்பிளப்புள்ள எண்டு சொல்லல்ல. ஆம்பிளப்புள்ள எண்டுதான் சொன்னாங்க. பொம்பிளப்புள்ள எண்டா நீங்க என்ன செய்வீங்க எண்டு பாக்கத்தான் எல்லாருக்கும் மாத்திச் சொன்னன். பாத்திட்டன்.