மூச்சுக்காட்டா மண்டபம்

இந்த அரமனையை டிக்கெட்டு வாங்கிப் பாக்காத காலத்துல, இதே வேம்பங்குளத்துல ஒரு ராசா இருந்தாராம். பேரைச் சொல்ல மாட்டேன், என் வாயில வராது.

அந்த ராசா மத்தியானம் தின்னுட்டு இந்த நந்தவனத்து மண்டபத்துலதான் படுப்பாராம். அவரு படுத்தா ஒருத்தரும் மூச்சுக்காட்டக் கூடாதாம். காக்கா கத்தக் கூடாது, கிளி கத்தக் கூடாது, கெணத்து ராட்டினம் உருளக் கூடாது. தோட்டத்துக் கதவைக்கூட தொறக்க மாட்டாங்களாம், கிறீச்சிடும்னு. பறவை வெரட்டுறதுக்கின்னே சோணைன்னு ஒருத்தனை வச்சிருந்தாங்களாம். "சூ"ன்னுகூட சொல்லாம, கையை ஆட்டி ஆட்டியே வெரட்டணும். பொழப்பைப் பாத்தீங்களா.

அவன் பொண்டாட்டி ராக்கு, நெறமாசக்காரி. பூப்பறிக்க வந்தவளுக்கு, ராசா கண்ணசந்த நேரமாப் பாத்து, இந்த மகிழ மரத்தடியில வலி எடுத்துருச்சாம். தலைச்சன் பிள்ளை. "மருத்துவச்சியைக் கூட்டியாய்யா"ன்னாளாம். சோணை கதவுக்கு ஓடுனானாம்.

காவக்காரன் உதட்டுல வெரலை வச்சு, "ராசா எந்திரிக்கட்டும்"னானாம்.

"அதுக்குள்ள பிள்ளை வந்துருமேய்யா."

"வரட்டும். சத்தம் வந்துச்சு, ரெண்டு பேரு தலையும் இருக்காது."

திரும்பி ஓடியாந்தான். ராக்கு கத்த வாயைத் தொறந்தா. பாவி மனுசன், தோள்ல கெடந்த துண்டை எடுத்து அவ வாயில அடைச்சான். "கொஞ்சம் பொறுத்துக்க தாயி, கொஞ்சம் பொறுத்துக்க தாயி"ன்னு காதுக்குள்ள சொல்லிக்கிட்டே அமுக்கிப் பிடிச்சானாம். அவ அவன் கையைப் பிராண்டுறா, பிராண்டுறா. இவன் மண்டபத்தைப் பாக்குறான். கையை எடுக்கலை. கொஞ்ச நேரத்துல பிராண்டுறது நின்னுச்சு. வலி கொறஞ்சிருச்சுன்னு நெனச்சானாம்.

ராசா எந்திரிச்சாரு. சோம்பல் முறிச்சாரு. "இன்னைக்குத்தான்டா நல்ல தூக்கம்"னு, போத்தியிருந்த பட்டுச் சால்வையை, ஓடியாந்து நின்ன சோணை மேல தூக்கிப் போட்டாராம். அப்பத்தான் பிள்ளை வீல்னு கத்துச்சாம்.

"அதென்னடா சத்தம்?"னாராம். பதிலுக்குக்கூட நிக்கலை, போயிட்டாராம். வேற துணி ஏது, அந்தச் சால்வையிலதான் ராக்கைச் சுத்திச் சுடுகாட்டுக்குத் தூக்கிட்டுப் போனாங்களாம்.

அந்தப் பிள்ளை வழியில வந்தவுகதான் நாங்க. மூச்சுக்காட்டா மண்டபம்னு பேரு அதுக்கப்பறம் வந்தது. இப்ப அங்க "அமைதி காக்கவும்"னு போர்டு வச்சிருக்கான். எங்க பொம்பளைக இந்த மரத்தடிக்கு வந்தா, தொண்டை கிழியக் குலவை போட்டுட்டுத்தான் நகருவோம். வாட்ச்மேன் திட்டுவான், திட்டட்டும்.

இன்னொண்ணும் இருக்கு. எங்க வீடுகள்ல பிள்ளை வலியில கத்துறவளைப் பாத்து யாரும் "பொறுத்துக்க"ன்னு சொல்லக் கூடாது. சொன்னா, புருசனா இருந்தாலும் வெளிய தள்ளிக் கதவைச் சாத்திருவோம்.